அண்ணாச்சி பதில்கள்: ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நான் பள்ளி ஆசிரியை, வயது 47. மாச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்தில் கூட்டம் நெரிகிறது என்கிறார்கள். அதே பெரு நாட்டில், நடந்து மட்டுமே போக முடிகிற சோக்கேகிராவ் என்ற இன்கா இடிபாட்டைப் பார்க்க எனக்கும் என் தோழிக்கும் ரொம்ப நாள் ஆசை. இரண்டு பேரும் அகத்தியர் மலை ஏறியிருக்கிறோம். எங்களால் முடியுமா? எந்த மாதம் போகலாம்?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக முடியும் டீச்சர். அகத்தியர் மலை ஏறிய கால் என்றால் பாதிக் கவலை போச்சு. மீதிக் கவலை இறக்கத்தில் இருக்கிறது. நம்ம பக்கத்து மலையெல்லாம் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். இந்தப் பாதை தலைகீழ். கச்சோரா என்ற ஊரைத் தாண்டி கப்பூலியோக் மேட்டில், சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் நடக்க ஆரம்பித்து, அப்புரிமாக் ஆறு ஓடுகிற பள்ளத்துக்குள் 1,500 மீட்டர் உயரம் வரை இறங்கி, பாலத்தைக் கடந்து, எதிர் மலையில் மரம்பாட்டா கிராமத்துக்கு மறுபடியும் கிட்டத்தட்ட அதே உயரம் ஏற வேண்டும், இடிபாடு அதற்கும் மேலே 3,050 மீட்டரில். திரும்பி வரும்போது அதே பள்ளம், அதே ஏற்றம். போக வர 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். நாலு நாள் போதும் என்று கூட்டிப்போகிறவர்கள் சொல்வார்கள், நீங்கள் ஐந்து நாள் கேளுங்கள். இவ்வளவு தூரம் போய்விட்டு இடிபாட்டை இரண்டு மணி நேரத்தில் ஓடிப் பார்த்து வருவது பாவம்.

ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்து எழுந்து போய்விடலாம். மணிக்கணக்கில் இறங்கும்போது முழங்கால்தான் அடி வாங்கும், பெருவிரல் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். அதனால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வேண்டும். பயிற்சிக்குப் பண்பொழி திருமலைக் கோயில் இருக்கிறதே, 600 படிக்கு மேல், அது போதும். முதுகில் ஐந்து கிலோ பையோடு ஞாயிறுதோறும் காலையில் மூன்று நான்கு தடவை ஏறி இறங்குங்கள், இறங்கும்போது வேகம் வேண்டாம், ஒவ்வொரு படியாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி. மூன்று மாதம் இதை விடாமல் செய்தால் தொடை உறுதிப்படும். கச்சோராவில் பெரிய மூட்டையைச் சுமக்கக் கோவேறு கழுதையும் அதை ஓட்டுகிற ஆளும் கிடைப்பார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மாதம் என்றால் மே. அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம், உங்களுக்கும் பள்ளி விடுமுறை. ராத்திரி மேலே நல்ல குளிர் இருக்கும், பள்ளத்துக்குள் பகல் வெயில் நம்ம ஊர் வெயிலுக்குக் குறையாது, ஆகவே ஆற்றங்கரையிலிருந்து ஏறுகிற அன்று விடிவதற்கு முன்னாலேயே நடையைக் கட்டிவிடுங்கள். ஆற்றோரம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு ஈ கடிக்கும், கடித்த இடத்தில் ஒரு புள்ளி ரத்தம் நிற்கும், அப்புறம் நாள்கணக்கில் அரிப்பு. முழுக்கைச் சட்டை இல்லாமல் அங்கே உட்காராதீர்கள்.

அங்கே போனதும் மேற்குச் சரிவுக்குக் கட்டாயம் இறங்குங்கள். செங்குத்தான மலையில் அடுக்கடுக்காகக் கட்டிய வயல் சுவர்களில், கருநிறக் கல்லுக்கு நடுவே வெள்ளைக் கல் பதித்து லாமா என்ற ஒட்டக இன விலங்கின் உருவங்களைச் செய்திருக்கிறார்கள், தாயும் குட்டியுமாக. மண்ணும் புதருமாக மூடிக் கிடந்து 2000-களில்தான் வெளியே வந்தவை. மாச்சு பிச்சுவை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஹிராம் பிங்காம் 1909-லேயே சோக்கேகிராவுக்கு வந்தவர்தான், மாச்சு பிச்சுவுக்குப் போனதே 1911-ல். அவருக்கும் இந்த லாமாக்கள் காணக் கிடைக்கவில்லை. ஊரின் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்தான். கேபிள் கார் போடும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது, அது வந்தால் இந்த அமைதி போய்விடும் என்பது என் எண்ணம், போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுங்கள்.

கேள்வி: உயரம் போனால் தலைவலி வருமாமே அண்ணாச்சி, கோக்கா இலை டீ குடித்தால் சரியாகுமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: தலைவலி பாதையில் வருவதை விட, நடைக்கு முன் விமானத்தில் போய் இறங்குகிற குஸ்கோ நகரத்தில்தான் வரும். ஊட்டி 2,240 மீட்டர், குஸ்கோ 3,400. இறங்கிய அன்றே ஊர் சுற்றாமல் இரண்டு நாள் சும்மா இருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோக்கா டீ அங்கே நம்ம சுக்குக் காபி மாதிரி, எல்லா விடுதியிலும் வைத்திருப்பார்கள், குடிக்கலாம். ஆனால் ஒரு பாக்கெட்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், நம் நாட்டில் கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

கேள்வி: அங்கிருந்தே மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகலாமா?
- ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: போகலாம் தம்பி, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், 4,000 மீட்டருக்கு மேலே கணவாய் ஏற வேண்டும். முதல் தடவையே அது வேண்டாம். மாச்சு பிச்சுவுக்கு எல்லோரும் நடக்கிற வழக்கமான இன்கா பாதை என்றால் சுமை தூக்குவோரையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, பிப்ரவரியில் மூடிவிடுவார்கள்.

கேள்வி: விசா, தடுப்பூசி விவரம் சொல்லுங்கள் அண்ணாச்சி.
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது) விசா ஒன்று ஆறு மாதமாவது செல்லும்படி கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை, ஆனாலும் டிக்கெட் போடும் முன் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அந்த நாட்டு விசா கேட்பார்கள். திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும், அதுவும் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த இடத்தில்தான் போட வேண்டும். அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.