வழக்குப் போடாதவரும் வழக்கில்: திருகோணமலைக் கேள்விகள்

உப்புவெளி: சேர், அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு, ஏதோ கம்பனி வழக்கில் இணக்கம் வந்திருக்கு என்று மின்னஞ்சல். அவ வழக்கே போடேல்ல. ஏமாத்தா?

ஏமாத்தாகவே இருக்க வேண்டியதில்லை. அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களின் குடியியல் விதி 23இன் கீழ், ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரோ சிலரோ நட்டஈடு கேட்கும் கூட்டு வழக்கில், விலகாதவர் எல்லோரும் உள்ளேதான். விலகும் கடைசி நாள், கோரிக்கைப் படிவத்தின் கடைசி நாள் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருந்தால் பணமும் வராமல் போகலாம், தனியே வழக்காடும் உரிமையும் போகும். இணைப்பை அமத்தாமல், நீதிமன்றப் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் தேடிப் பார்க்கட்டும். முன்பணம் கேட்டால் போலி.

மூதூர், சட்ட மாணவி: ஒரு வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்க அமெரிக்க நீதிமன்றம் எங்கே மறுக்கும்?

ஆள்தொகை பெரும்பாலும் தடையல்ல. 40 பேருக்கு மேல் என்றால் பொதுவாகப் போதும். பிரதிநிதியின் கோரிக்கை மற்றவர்களுடையதை ஒத்திருக்க வேண்டும், அவருக்கு நலன் முரண் இருக்கக்கூடாது. இடறுவது பொதுக் கேள்வியில். வால்மார்ட் கடைகளில் பாகுபாடு என்று பெண் ஊழியர்கள் போட்ட வழக்கு, 2011இல் சுமார் 15 இலட்சம் பெண்களோடு அங்கேதான் விழுந்தது. சம்பளம், பதவி உயர்வு பற்றி ஒவ்வொரு முகாமையாளரும் தன் எண்ணப்படி முடிவெடுத்ததால், எல்லோருக்கும் ஒரே விடை தரும் கேள்வி இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நட்டஈட்டு வழக்கில் இன்னும் இரண்டு: பொதுக் கேள்வி தனிக் கேள்விகளை மிஞ்ச வேண்டும், கூட்டு வழக்கே மேலான வழியாக இருக்க வேண்டும். மறுத்தால், மேன்முறையீட்டு அனுமதி கேட்க 14 நாள்தான்.

கிண்ணியா: கூட்டு வழக்கில் இரு பக்கமும் இணக்கத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகு நீதிபதிக்கு என்ன வேலை?

பணத்துக்கு உரியவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லையே, அதனால்தான். பேரம் உண்மையாக நடந்ததா, வழக்காடினால் வரும் செலவு, ஆபத்து, தாமதத்தோடு பார்த்தால் தொகை போதுமா, உறுப்பினர்களுக்குள் பங்கீடு நியாயமா என்று விதி 23இன் 2018 திருத்தத்தின்படி பார்ப்பார். நான் முதலில் புரட்டுவது சட்டத்தரணிக் கட்டணப் பக்கத்தை. உறுப்பினருக்குக் கூப்பன், சட்டத்தரணிக்குக் காசு என்ற கூத்தைக் கட்டுப்படுத்த, கூட்டு வழக்குகள் பற்றிய அமெரிக்காவின் 2005 சட்டம், அந்தக் கட்டணத்தை உண்மையில் பயன்படுத்தப்பட்ட கூப்பன்களின் பெறுமதியோடு கட்டிவைத்தது.

சல்லி: கடலில் எண்ணெய் கசிந்து 60 வள்ளக்காரருக்கு நட்டம் என்றால் இங்கே?

நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு: ஒரே விடயத்தில் பொதுவான நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியோடு வழக்காடலாம். மற்றவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கும் செலவு, அனுமதி கேட்பவர் தலையில். நேரில் சேர்ப்பிக்க முடியாவிட்டால் பகிரங்க விளம்பரம். ஆனால் ஒருவருக்கு வலை, இன்னொருவருக்கு இயந்திரம் என்று நட்டம் வேறுபடும்போது, ‘பொதுவான நலன் எங்கே’ என்று எதிராளி பிடிப்பார். 60 பேர்தானே, எல்லோர் பெயரையும் வழக்காளியாகப் போட்டு, ஆளுக்கொரு நட்டக் கணக்கைப் பற்றுச்சீட்டோடு இணையுங்கள்.