சர்வரைக் கவனிப்பது எப்படி? செட்டிநாட்டுக் கேள்விகள், பதில்கள்

கானாடுகாத்தான், தங்கும் விடுதி: அண்ணே, பழைய வீட்டு உள்ளறையில சர்வர், அதாவது கணக்கையெல்லாம் வச்சு எப்பவும் ஓடுற கம்ப்யூட்டர், வச்சிருக்கோம். கனமான சுவர், வெயிலே இறங்காது. அப்படியும் ஃபேன் இரைச்சல் தாங்கலையே?

வெயிலைத் தடுக்கிற சுவர் சர்வர் கக்குற சூட்டையும் உள்ளேயே அடைச்சு வைக்கும் தம்பி. ஜன்னல் இல்லாத அறையில, பின்னால வந்த சூட்டுக் காத்தையே அது திரும்ப முன்னால இழுக்குது. காத்து நுழையுற பக்கம் 18 முதல் 27 டிகிரிக்குள்ள இருக்கணும். சுவரை ஒட்டி வைக்காதீங்க. கதவு நிலைக்கு மேல திறப்பு இருந்தா அதுல எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. சுண்ணாம்புச் சுவரை உடைக்க வேண்டாம்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: சிமெண்ட் தூசியை எப்படிச் சுத்தம் பண்றது?

முதல்ல மெஷினைப் பட்டறைக்குள்ள இருந்து தள்ளி வைங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கை சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ப்ளோயர் அடிங்க. ஈரத்துணி ஆகாது, சிமெண்ட் இறுகிடும்.

காரைக்குடி, கண்டாங்கிச் சேலைக் கடை: ரெண்டு டிஸ்க் ரெய்டு 1-ல ஓடுது, அதாவது ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் பதியும். ஒண்ணுல ஆரஞ்சு விளக்கு எரியுது. இன்னொண்ணுல எல்லாம் இருக்கே, தனியா பேக்கப் எதுக்கு?

ஆச்சி, ஆரஞ்சு விளக்கு அந்த டிஸ்க் பழுதாகுதுங்கிற அறிகுறி, இன்னைக்கே பேக்கப் எடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தாலும் கடையை ஓட வைக்கும், அவ்வளவுதான். பில்லை யாராவது தவறி அழிச்சா அதே நொடியில ரெண்டு டிஸ்க்கிலயும் அழியும். ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற ரான்சம்வேர் புகுந்தாலும் அதே கதி. இன்னொரு ஆபத்தும் இருக்கு: புது டிஸ்க் போட்டதும் மிச்சமிருக்கிற பழைய டிஸ்க்கை முழுசாப் படிச்சுத்தான் நகல் எடுக்கும். ரெண்டும் ஒரே நாள் வாங்கினதா இருந்தா, அந்தச் சுமையில அதுவும் படுத்துடலாம். அதனாலதான் பேக்கப் முதல்ல. கழட்டும்போது சீரியல் நம்பரைச் சரிபார்த்துக் கழட்டணும். நல்ல டிஸ்க்கை உருவிட்டா எல்லாம் போச்சு.

இனிமே மூணு நகல், ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு கடைக்கு வெளியே. மாசத்துக்கு ஒருதடவை வேற கம்ப்யூட்டர்ல அதைத் திரும்ப ஏத்தி, போன வாரத்துப் பில் ஒண்ணைத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்குலயே சேர்க்க மாட்டேன்.

பள்ளத்தூர், பள்ளிக்கூடம்: கரண்ட் போய் வந்தா தேதி பழசாயிடுது, தளங்கள் திறக்கல.

மதர்போர்டுல தேதியைக் காப்பாத்துற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கு. தேதி தப்பானா தளத்தோட பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் மறுக்கும். பேட்டரியை மாத்துங்க டீச்சர்.

புதுவயல், அரிசி ஆலை: லினக்ஸ் சர்வர் அடிக்கடி நின்னுடுது. ரீஸ்டார்ட் பண்ணினா ஒருநாள் ஓடும்.

ரீஸ்டார்ட் பண்ண அவசரப்படாதீங்க. சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கிற லாக்கைப் பாருங்க, காரணம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். டிஎஃப் (df) கமாண்ட் கொடுத்தா டிஸ்க் நிரம்பியிருக்கான்னு தெரியும். பெரும்பாலும் லாக் ஃபைல்தான் பெருத்திருக்கும். ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம் திறந்து வச்சிருக்கிற ஃபைலை அழிச்சா இடம் உடனே திரும்பாது. அந்தப் புரோகிராமை நிறுத்தி எழுப்பணும். பழைய லாக்கை அப்பப்போ ஒதுக்கி அழிக்கிற லாக்ரொடேட் அமைச்சா இந்தத் தொல்லை வராது.

தேவகோட்டை, மருந்துக்கடை: திருவிழாவுக்குக் கடை மூடுறோம். அணைக்கலாமா?

தாராளமா. பேக்கப் எடுத்து, முறையா ஷட்டவுன் கொடுத்து, விளக்கு அணைஞ்சதும் பிளக்கை எடுங்க. யுபிஎஸ் பேட்டரியைக் காலியான நிலையில போட்டுட்டுப் போகாதீங்க, கெட்டுடும். முழுசா சார்ஜ் ஏறின பிறகு நிறுத்துங்க. வாங்கி மூணு, நாலு வருஷம் ஆயிருந்தா, திரும்பி வந்ததும் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு ஒருதடவை சோதிங்க.