தொடக்ககால இணையக் குரல், காணொளி உரையாடல்: கேள்வி பதில்

1990களில் மோடம் வழியாகப் பேசவும் முகம் பார்க்கவும் வந்த மென்பொருள்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: குரலைச் சுருக்கும் ஜி.723.1 முறையில் நொடிக்கு 6.3 கிலோபிட் போதும் என்கிறார்கள். அப்படியானால் 28.8 கிலோபிட் மோடத்தில் பேச்சு ஏன் அறுந்து அறுந்து வந்தது?

பதில்: 6.3 என்பது குரலின் எடை மட்டுமே. அதைச் சுமந்து செல்லும் உறையின் எடை அதில் சேராது. அந்த முறை 30 மில்லிநொடிப் பேச்சை 24 பைட்டாகச் சுருக்குகிறது. அதன்மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி ஆகிய மூன்று இணைய நெறிமுறைகளின் தலைப்புகளும் (முகவரி முதலிய குறிப்புகள்) சேர்ந்து 40 பைட் ஏறுவதால், உண்மையில் இணைப்பில் ஓடுவது நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோபிட். அதுவும் இணைப்பில் பேச்சு மட்டுமே ஓடினால்தான். அதே நேரத்தில் ஒரு கோப்பையோ மின்னஞ்சலையோ இறக்கினால், 1500 பைட் கொண்ட ஒற்றைப் பாக்கெட் (தரவு பயணிக்கும் சிறு பொதி) கடந்து முடிய 400 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அதுவரை பதின்மூன்று குரல் பாக்கெட்டுகள் பின்னால் வரிசையில் நிற்கும். விவரம் அறிந்தவர்கள் பாக்கெட்டின் உச்ச அளவை 576 பைட்டாகக் குறைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடிந்தது. அது இணையத்தின் குறையா?

பதில்: இல்லை, சவுண்ட் கார்டின் குறை. 1995இல் வோக்கல்டெக் நிறுவனத்தின் இன்டர்நெட் ஃபோன் மென்பொருள் வெளிவந்தபோது, பரவலாகப் புழங்கிய கார்டுகளால் ஒரே நேரத்தில் ஒலியைப் பதியவும் இசைக்கவும் இயலவில்லை.

கேள்வி: காணொளி ஏன் சிறிதாகவும் சாம்பல் நிறத்திலும் இருந்தது?

பதில்: கணக்கைப் பார்த்தாலே புரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992இல் உருவான சியூ-சீமீ எனும் காணொளி உரையாடல் மென்பொருள், 160க்கு 120 புள்ளிகள் கொண்ட படத்தைப் பதினாறு சாம்பல் நிலைகளில் காட்டியது. அத்தனை சிறிய படமே சுருக்காமல் அனுப்பினால் 76,800 பிட், 28.8 மோடத்தில் ஒரு படத்துக்கு இரண்டரை நொடிக்கு மேல் பிடிக்கும். ஆகவே படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பினார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இது அருமையான ஏற்பாடு. தலையைத் திருப்பினால் பல கட்டங்கள் ஒன்றாக மாறும். வழியில் சில தொலைந்துவிட்டால், முகம் புதிய இடத்துக்குப் போன பின்னும் பழைய காதின் ஒரு துண்டு, அந்தக் கட்டம் மறுபடி அனுப்பப்படும் வரை, திரையிலேயே தங்கியிருக்கும்.

கேள்வி: ஐயா, பின்னர் வேகமான இணைப்பு கிடைத்தும் உரையாடல் இயல்பாக இல்லையே, ஏன்?

பதில்: என் பார்வையில் முதன்மையான குறை வேகம் அன்று, தாமதமே. தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நலம் என்றும், 400ஐத் தாண்டக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி.114 பரிந்துரையில் வகுத்திருக்கிறது. அக்காலத்தில் குரல் கிளம்பும் முன்பே ஜி.723.1 குறியாக்கம் 37.5 மில்லிநொடியை எடுத்துக்கொண்டது. இயங்குதளமும் சவுண்ட் கார்டும் ஒலியைத் தேக்கி வைத்துக் கொடுத்தன. முன்பின்னாக வந்து சேரும் பாக்கெட்டுகளைச் சீராக இசைப்பதற்காகப் பெறும் முனையில் மற்றொரு தேக்கம் இருந்தது. அந்தத் தேக்கத்தைக் குறைத்தால் சொற்கள் விழுந்துபோகும், கூட்டினால் தாமதம் ஏறும். இவற்றுள் எதையும் அகலமான இணைப்பு தீர்த்துவிடாது. விளைவு எல்லாரும் அறிந்ததே: இருவரும் ஒருசேரத் தொடங்குவார்கள், ஒருசேர நிறுத்துவார்கள், "நீங்கள் சொல்லுங்கள்" என்பதும் ஒருசேர வரும். ஒலிபெருக்கி வைத்துப் பேசினாலோ, தம் குரலே அரை நொடி கழித்துத் திரும்பி வந்து பேச்சைக் குலைக்கும்.

கேள்வி: அலுவலகத்திலிருந்து மைக்ரோசாஃப்டின் நெட்மீட்டிங் மென்பொருளில் ஒருவரை அழைத்தால் மணி அடித்தது, நான் பேசியது அவருக்குக் கேட்டது, அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. காரணம் என்ன?

பதில்: நெட்மீட்டிங் அழைப்புகளுக்குப் பயன்படுத்திய எச்.323 நெறிமுறை, ஒலியை எந்த ஐபி முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் செய்தியின் உள்ளேயே எழுதி அனுப்புகிறது. அலுவலகக் கணினிகளின் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் கருவியான முகவரி மாற்றி, பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியை மாற்றுமே தவிர உள்ளே எழுதியிருப்பதைத் தொடுவதில்லை. எனவே மறுமுனை உங்கள் உள் முகவரிக்கே குரலை அனுப்பியது. வெளி இணையத்தில் அந்த முகவரிக்கு வழி கிடையாது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் ஒலிக்கான யுடிபி வாயில் (போர்ட்) எண்கள் அழைப்புக்கு அழைப்பு மாறும். தம் வெளி முகவரியைக் கணினியே கேட்டறிய உதவும் ஸ்டன் முறை 2003இல்தான் தரமாக வந்தது. தடைகளை ஊடுருவிச் சென்ற ஸ்கைப்பும் அதே ஆண்டில்தான் அறிமுகமானது.

கேள்வி: பலர் கூடிப் பேச வழி இருந்ததா?

பதில்: ஓரளவுக்கு. நெட்மீட்டிங்கில் பலர் ஒரே வரைபலகையில் எழுத முடிந்தது, ஆனால் ஒலியும் படமும் ஒரு நேரத்தில் ஒருவருடன் மட்டுமே. சியூ-சீமீயில் ரிஃப்ளெக்டர் எனும் சர்வர் ஒவ்வொருவரின் படத்தையும் மற்ற அனைவருக்கும் பிரதியெடுத்து அனுப்பியது. மோடம் வைத்திருந்தவர் இரண்டு மூன்று சாளரங்களைத் திறந்ததுமே எல்லா முகங்களும் உறைந்து நின்றுவிடும்.