கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்தே: குளுவாங் வாசகர்கள் கேட்டவை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே மூன்றாம் கட்ட நுரையீரல் புற்றுநோயைப் பற்றியவை.

அப்பாவுக்கு 63 வயது. ஆபரேஷன் செய்ய முடியாதாம். கீமோ, ரேடியோதெரபி இரண்டையும் சேர்த்தே கொடுக்கப் போகிறார்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் ஆகாதா டாக்டர்?

கொடுக்கலாம், உடம்புக்கும் சிரமம் குறைவு. ஆனால் பலனும் குறையும். கதிர் பட்டுச் சிதைந்த புற்று செல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். அதே நேரத்தில் உடம்பில் கீமோ மருந்து இருந்தால் அதற்கு வழியிருக்காது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளிவந்த கணக்கு இது: அடுத்தடுத்துக் கொடுத்தவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர், சேர்த்துக் கொடுத்தவர்களில் 15 பேர். பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அந்த நான்கு பேரில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம் அல்லவா?

சிறுநீரகம், மூச்சின் திறன், நடமாட்டம் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். உடம்பு தளர்ந்தவருக்கு அடுத்தடுத்துக் கொடுப்பதே சரி.

கதிர்வீச்சுக்காக ஜொகூர் பாருவுக்குத் தினமும் போய்வர முடியவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டால் பரவாயில்லையா?

விடாதீர்கள். வழக்கமான அளவு 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை 30 தடவையாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம் கொடுப்பார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் மிஞ்சிய புற்று செல்கள் மறுபடி பெருகும். கடைசியில் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். 74 கிரே வரை ஏற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வில் நோயாளிகள் 60 கிரே பெற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள்.

மேசையில் படுத்திருப்பது சில நிமிடம்தான். ஆளை வாட்டுவது நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை. மாசாய், ஸ்கூடாய் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கூச்சப்படாமல் ஆறு வாரம் தங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் தங்குமிடத்துக்கும் பயணச் செலவுக்கும் கேளுங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு எடுக்க வழி உண்டு. வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். பஸ் தவறி ஒரு நாள் விட்டுப்போனால் அன்றே போன் செய்து சொல்லுங்கள். ஈடுகட்டும் நாளை அவர்கள் குறித்துத் தருவார்கள்.

இன்னொன்று, மார்பில் மையால் போட்ட கோடுகளை எண்ணெய் தேய்த்து அழித்துவிடாதீர்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் தினமும் ஆளைச் சரியாகப் படுக்க வைக்கிறார்கள்.

மூன்றாவது வாரம். என் வீட்டுக்காரருக்கு ரொட்டி சானாய்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

உணவுக்குழாய் நுரையீரல்களுக்கு நடுவில் போவதால் அதிலும் கதிர் படுகிறது. சேர்த்துக் கொடுக்கும்போது இந்தப் புண் அதிகமாகவே வரும். சம்பல், புளி, சுடச்சுடத் தே தாரிக் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், மசித்த முட்டை கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். எடை இறங்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் போட்டுப் படுக்க வைக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

பாம்புப்புல் சாறும் டுரியான் பெலண்டா (முள்சீத்தா) இலையும் கொடுக்கலாமா?

வேண்டாம். மனிதர்களிடம் புற்றைக் குணப்படுத்தியதாக ஆதாரமில்லை, கீமோவோடு சேர்ந்து ஈரலைப் பதம் பார்க்கலாம். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரம் முடிந்துவிட்டது. இனி?

நோய் பெருகாமல் நின்றிருந்தால் பலருக்கு ஓராண்டு டுர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி பரிந்துரைப்பார்கள். அதைப் போட்டவர்களில் ஐந்தாண்டில் நூற்றுக்கு 43 பேர் இருந்தார்கள், போடாதவர்களில் 33. விலை கடுமை. அதற்கு முன், புற்றின் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று சோதனை செய்தார்களா எனக் கேளுங்கள். அந்த மாற்றம் இருந்தால் ஓசிமெர்டினிப் மாத்திரையே பொருத்தம்.

முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், அது கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பக்கத்துக் கிளினிக்கில் இருமல் மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மார்பில் ரேடியோதெரபி கொடுத்த விவரத்தை முதலில் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு நான்காம் கட்டம். அவருக்கும் இதே முறையா?

பெரும்பாலும் இல்லை. நோய் பரவிவிட்டதால் உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் முதன்மை. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். பல நேரம் ஒரே தடவை போதும்.