வலை வடிவமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா மென்பொருளைப் பழகி வருகிறேன். ஐம்பதாயிரம் ரூபாய் கட்டிப் படித்தால் சான்றிதழும் வேலையும் நிச்சயம் என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். இந்தத் துறையில் ஆளெடுப்பவர்கள் முதலில் கேட்பது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான். வலைப்பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். இரண்டையும் எம்.டி.என்., ஃப்ரீகோட்கேம்ப் ஆகிய இணையதளங்களில் காசில்லாமல் கற்கலாம். தொடக்கத்துக்கு ஃபிக்மாவின் இலவசக் கணக்கே போதும். ஆனாலும் அதைப் போன்ற, நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளான பென்பாட்டையும் பழகி வையுங்கள். 2022 செப்டம்பரில் ஃபிக்மாவை ஏறத்தாழ 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் அறிவித்து, ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் கிடைக்காது என்ற நிலையில் 2023 டிசம்பரில் அதைக் கைவிட்டது. நாம் நம்பியிருக்கும் கருவி நாளை யாரிடம் இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

போர்ட்ஃபோலியோவில் பிரபலமான உணவுச் செயலியை மாற்றி வரைந்து வைக்காதவர் இல்லை, பார்ப்பவர் சலித்துப்போயிருப்பார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் அனுமதி கேட்டு ஒரு மாலைப்பொழுது இருந்து, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பிறகு பதில் வருவதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். தடை விலையா, அளவா, மாற்றித் தருவார்களா என்ற ஐயமா என்பதைக் கண்டு, அந்தக் கடைக்கு ஒரே ஒரு பொருள் பக்கத்தை வடிவமைத்து, நாலைந்து பேரிடம் போனில் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி, அவர்கள் தடுமாறிய இடங்களையும் அதற்காக நீங்கள் செய்த மாற்றங்களையும் படங்களோடு எழுதி வையுங்கள். இப்படி இரண்டு வேலைகள் இருந்தால் அழகான இருபது திரைகள் தேவையில்லை என்பது என் கருத்து. ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதிக்கு நல்ல மடிக்கணினி வாங்க முடிந்தால் அதுவே மேல்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸ் பேனரும் வடிவமைத்து வந்தேன். இப்போது வலைத்தளங்கள் செய்கிறேன். தமிழ் வரிகள் நெருக்கியடித்துக்கொண்டும் பட்டனை விட்டு வெளியே வழிந்தும் நிற்கின்றன. ஏன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் நீங்கள் பயன்படுத்துவது, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடுதானா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் பக்கம் வெறும் ஆங்கிலக் குவியலாகத் தெரியும்; தேடுபொறிக்கும் பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே அல்ல. 2010இல் தமிழக அரசும் யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் உதவும்.

அடுத்தது வரி உயரம். ‘கீ’, ‘ஞூ’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு சரியாக இருக்கும் இடத்தில் தமிழுக்கு 1.7 வரை கொடுங்கள். பட்டனுக்கு நிலையான அகலம் வைக்காமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரியும்படி ஓரங்களில் இடம் விடுங்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்குவது தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவில்லை, சாய்வெழுத்தும் பெரும்பாலான எழுத்துருக்களில் கிடையாது. ஆகவே தலைப்பைப் பிரித்துக்காட்ட எழுத்தின் தடிமனையும் அளவையும்தான் நம்ப வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் முக்த மலர், கட்டமரான், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் பல தடிமன்கள் உண்டு. பத்திரிகை வடிவமைத்த உங்கள் கண்ணுக்கு இந்த வேறுபாடுகள் கணினிப் படிப்பு முடித்து வருபவர்களைவிட விரைவில் பிடிபடும். சம்பளம் பேசும்போது இதை மறைக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி போன்ற பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, அசையும் படங்கள். எந்தப் போக்கைப் பின்பற்றுவது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: 2013இல் ஆப்பிளின் ஐபோன் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது நிழலும் பளபளப்பும் ஒழிந்தன என்றார்கள். 2025இல் அதே ஆப்பிள் ‘லிக்விட் கிளாஸ்’ என்று கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்தது. இவற்றைத் தெரிந்துவைத்திருங்கள், துரத்த வேண்டாம். வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010இல் முன்வைத்த, திரையின் அகலத்துக்கேற்ப மாறும் வடிவமைப்பு மட்டும் மாறாத அடிப்படையாகிவிட்டது, ஏனென்றால் அது உண்மையான ஒரு சிக்கலைத் தீர்த்தது.

சாம்பல் எழுத்துக்குக் கணக்கே இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன, வலைத்தளங்களை எல்லோரும் அணுகுவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகள். வெள்ளையில் #777777 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் 4.48தான், அதாவது தோல்வி, சற்றே அடர்ந்த #767676 தேறிவிடும். தேறினாலும், காசிமேட்டு உச்சி வெயிலில் ஒரு பழைய போனில் படித்துப் பாருங்கள். அசையும் படங்களைப் பொறுத்தவரை, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலைத் தாண்டவைக்கும் எதையும் நீக்குங்கள்.

கேள்வி: ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலை வரை தினமும் போய்வர இயலவில்லை. இங்குள்ள கடைகளுக்கே தனியாக வேலை செய்து பிழைக்க முடியுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: முடியும், ஆனால் அனுபவசாலி ஒருவரின் கீழ் ஓராண்டாவது வேலை பார்த்த பிறகு தொடங்குவது நல்லது. வீட்டில் இடமில்லையென்றால், கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் என்ற பகிர்வு வேலையிடத்தில் கட்டணம் செலுத்தி அமர்ந்து வேலை செய்யலாம். ‘முதலில் முடித்துக் கொடு தம்பி, பணம் எங்கே போய்விடும்’ என்பவர்களிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் தொடங்காதீர்கள். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் பெறுங்கள். வலைத்தள முகவரியான டொமைன் பெயரைக் கடைக்காரர் பெயரிலேயே பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவு அவருடையது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.