ஆயிரம் ரூபாய் கூலியும் ஒரு குவார்ட்டரும்

வணக்கம் ஐயா,

எங்கள் பக்கம் கொத்து வேலைக்கு இப்போது நாள் கூலி ஆயிரம் ரூபாய். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் நூறுதான். ஆனாலும் அந்த வீடுகளில் அன்றிருந்த மிச்சம்கூட இன்றில்லை. ரேஷன் அரிசியிலும் குழுக்கடனிலும்தான் ஓடுகிறது. மற்றதெல்லாம் டாஸ்மாக்குக்கு. ‘ஜனங்களுக்கு ஒழுக்கம் போயிற்று’ என்கிறார் அப்பா. ‘கடையை மூடினால் தீர்ந்தது’ என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

அப்பா காலத்து ஆட்கள் எதைக் குடித்தார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சாராயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பலருக்குக் கள்தான். அதற்கு 1987 முதல் தடை. கள்ளில் போதைச் சத்து ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். டாஸ்மாக் பிராந்தியில் 42.8. அதாவது 180 மில்லி குவார்ட்டர் ஒன்று, ஒன்றரை லிட்டர் கள்ளுக்குச் சமம். அவ்வளவு கள்ளைக் குடிக்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசவேண்டும், அதற்குள் வயிறு நிரம்பிவிடும். குவார்ட்டருக்கு ஐந்து நிமிஷம் போதும். அப்புறம், கள்ளுக்குக் கொடுத்த காசு மரமேறி வீட்டு வழியாக உள்ளூர் மளிகைக்கடைக்கே திரும்பி வரும். குவார்ட்டர் காசு ஊரில் தங்குவதில்லை.

எங்கள் பகுதிக் கடை பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். பதினொன்றே முக்காலுக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். கையில் எழுபது ரூபாய் மட்டும் உள்ளவர் இன்னொரு எழுபதைத் தேடுவார். “அண்ணே, கட்டிங்?” முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரு குவார்ட்டர், இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட். டம்ளர்களை ஒட்டி வைத்து, குனிந்து, கண் மட்டத்தில் அளவு பார்ப்பார்கள். ஒரு சொட்டு ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவார்கள், பேர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பின் மலிவான குவார்ட்டரே 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. அதே வீட்டுக்கு அப்போது அரசு தந்த மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், அதாவது ஏழு குவார்ட்டர்.

ஒழுக்கம் என்ற விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர்களிடம் ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. தினமும் வந்து ஊதிக்காட்ட வேண்டும், குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். அந்தப் பணம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சேமித்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நிபந்தனையே இல்லாத பணம் வேண்டுமா, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணம் வேண்டுமா என்று கேட்டபோது, முன்னதில் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் கணிசமானவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். தன்னைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று காசு கொடுத்துக் கேட்பவனை ஒழுக்கமற்றவன் என்று எப்படிச் சொல்ல?

சரி, மூடிவிடலாமா? 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜி, போன வருமானத்துக்கு ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். அந்த வரியின் பெரும்பகுதி 2017இல் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. இன்று மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளும் பெரிய விற்பனை வரிகள் மதுவும் பெட்ரோல் டீசலும்தான். 2023-24இல் மது தந்தது 45,000 கோடிக்கு மேல். இதை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று எந்தக் கட்சியும் சொல்வதில்லை, மேடையில் முழங்குவதோடு சரி. இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். டாஸ்மாக் திறந்திருக்கும்போதே இந்த நிலை. உங்கள் மனைவியின் கோபம் நியாயம்தான், ஆனாலும் ஒரே நாளில் மூடுவதற்கு நான் கை தூக்க மாட்டேன்.

போன வருஷம் வீட்டுக்கு மாடி எடுத்தோம். கொத்தனார் முதல் நாளே காலையில் டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு போன் நம்பரை எழுதிக்கொடுத்தார்.

“சார், எழுநூறை இதுக்கு ஜிபே பண்ணிருங்க. வீட்டுக்காரி நம்பர். சாயங்காலம் நான் வந்து முழுசாக் கேப்பேன். குடுக்காதீங்க.”

சாயங்காலம் வந்து கேட்டார். முதல் வாரம் நான்கு நாள் கேட்டார், ஒருநாள் கெட்ட வார்த்தையும் சொன்னார். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் வந்து சாந்து குழைக்க ஆரம்பித்திருந்தார்.