ஒரே தைராய்டில் இரண்டு வகைப் புற்றுநோய்: ஊசிச் சோதனையில் ஏன் தெரியவில்லை?

அம்மாவை பலதுறை கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், தைராய்டு கட்டியில் ஊசிச் சோதனை செய்து பாப்பில்லரி என்ற வகைப் புற்றுநோய் என்றார்கள், அறுவைக்குப் பிறகு மெடுல்லரி என்ற இன்னொரு வகையும் இருக்கிறது என்கிறார்கள். இது முதலிலேயே ஏன் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊசி குத்திய கட்டியின் செல்கள் மட்டும்தான் சோதனைக்கு வரும். பக்கத்திலேயே சில மில்லிமீட்டர் அளவில் இன்னொன்று இருந்தால் தப்பிவிடும். அதனால் இந்த அபூர்வ ஜோடி பெரும்பாலும் சுரப்பியை எடுத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்த பிறகே வெளிப்படுகிறது. பாப்பில்லரி பிறப்பது தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் ஃபாலிக்குலர் செல்களில். அதில் தைரோகுளோபுலின் என்ற அந்தச் செல்களின் புரதத்தைக் காட்டும் சாயம் பிடிக்கும். மெடுல்லரி பிறப்பது கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் 'சி' செல்களில். அங்கே கால்சிட்டோனினைக் காட்டும் சாயம் பிடிக்கும். இரண்டும் தனித்தனி இடத்தில் பிடித்தால் இரண்டு நோய் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இனி அதிகம் கவலைப்பட வேண்டியது மெடுல்லரியைப் பற்றித்தான். பாப்பில்லரிக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை அதற்கு உதவாது, 'சி' செல்கள் அயோடினை இழுக்காது. ரத்தத்தில் கால்சிட்டோனின், சிஇஏ (CEA என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதம்) அளவுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம், அம்மாவுக்கு 'ரெட்' (RET) மரபணுச் சோதனை செய்யச் சொல்லி அவசியம் கேளுங்கள். மெடுல்லரியில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் பரம்பரையாக வருவது. அந்த மாற்றம் அம்மாவிடம் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.